தேதி கிடைக்காத கட்டடம்

குணவதியம்மாவுக்குக் கோபம் வரும். ஞானிகளுக்குக் கோபமே வராது என்று நம்பி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே கழன்றுகொண்டார்கள். மிஞ்சிய சிலரில் தில்லைநாயகியும் ஒருவர். அந்த நகரத்து மாநகராட்சிப் பள்ளிகளுக்கெல்லாம் அவர்தான் கல்வி அலுவலர். வயதில் அம்மாவைவிட மூத்தவர், ஓய்வுபெறும் நாளை நெருங்கிக்கொண்டிருந்தவர். ஆனாலும் வாரம் தவறாமல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஹார்டுவேர் கடை மாடியில் இருந்த அம்மாவின் அறைக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, நாலு திட்டு வாங்கிக்கொண்டு போவார்.

அன்று கையில் ஒரு கோப்பும் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலுமாக வந்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கத்துலேர்ந்து கூடுதல் நிதி வந்திருக்கு. மார்ச் முடியறதுக்குள்ள செலவு பண்ணலேன்னா திரும்பிப் போயிடும். கவுன்சிலருங்க ஒண்ணு கேக்கறாங்க, ஹெட்மாஸ்டருங்க வேற ஒண்ணு கேக்கறாங்க. யார் மனசும் நோகாம ஒரு திட்டம் போட்டிருக்கேன். நாளைக்குக் கமிஷனர்கிட்ட கொடுக்கணும். இது சரியா, தப்பா?”

“படிங்க.”

“முதல்ல, எல்லாப் பள்ளிக்கும் முகப்பு வளைவு.”

“வளைவு எதுக்கு?”

“பேர் போடறதுக்கு.”

“பள்ளிக்கூடத்துப் பேரா?”

தில்லைநாயகி கொஞ்சம் தயங்கினார். “அதுவும் இருக்கும்.”

“அப்புறம்?”

“எல்லா வகுப்புக்கும் ஸ்மார்ட் போர்டு.”

“கணக்கு டீச்சர் இல்லேன்னு போன வாரம் சொன்னீங்களே?”

“அது வேற விஷயம்மா. இந்த நிதியில பொருள் வாங்கினாத்தான் கண்ணுக்குத் தெரியும்.” சொல்லிவிட்டு பாட்டிலை முன்னால் நகர்த்தினார். “இதைப் பாருங்க. பிள்ளைங்க தண்ணியே குடிக்கறதில்லேன்னு டாக்டருங்க சொல்றாங்க. அதனால ஆளுக்கு ஒரு பாட்டில். மணி அடிச்சா எல்லாரும் குடிச்சாகணும்.”

பாட்டிலில் ஒரு முகம் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது.

“இது யாரு?”

“விழாவுக்கு வரப்போற சிறப்பு விருந்தினர்.”

அம்மா பாட்டிலை எடுத்துப் பானையிலிருந்து நிரப்பிக் கொடுத்தார். “குடிங்க.”

“தாகம் இல்லேம்மா.”

“மணி அடிச்சாச்சு. குடிங்க.”

குரு கொடுத்ததை வேண்டாம் என்பதா? தில்லைநாயகி முழுவதையும் குடித்தார். அம்மா மறுபடி நிரப்பினார். அதையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

“கீழத்தெரு பெண்கள் பள்ளி, கழிப்பறைக் கட்டடத்துக்கு மறுபடி பெயின்ட்.”

“எப்பக் கட்டினது?”

“போன வருஷம்.”

“அதுக்குள்ள பெயின்ட் போயிடுச்சா?”

“மழையில வெளுத்துப்போச்சு. இன்னும் திறக்கலியேம்மா, பூட்டியேதான் கெடக்கு. விருந்தினர் தேதி கொடுக்கலை. அவர் ரிப்பன் வெட்ட வரும்போது பளிச்சுன்னு இருக்க வேணாமா?”

“பழைய கழிப்பறை?”

“அதை இடிச்சுத்தானே புதுசு கட்டினோம்.”

“அப்போ பிள்ளைங்க?”

“அடக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுதுங்க. கொஞ்ச நாள்தானேம்மா.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் துளி உறுத்தல்கூட இல்லை. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு ஆத்திரமே அதில்தான். கெட்ட மனுஷி என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர் நல்லவர். தெருநாய்க்குப் பிஸ்கட் போடுகிறவர். இருந்தும் கட்டி முடித்த கழிப்பறையைப் பூட்டி வைத்துவிட்டு அதற்குப் பெயின்ட் கணக்குப் போட இவரால் முடிந்திருக்கிறது.

“கீழே கடையில வேலை பாக்கற நூர்ஜஹானோட பொண்ணு அந்தப் பள்ளிக்கூடம்தானே?” என்று அம்மா கேட்டார்.

“ரெஹானாவா? ஆமாம்மா, ஒன்பதாவது. நல்லாப் படிக்கற பொண்ணு.”

“காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்லை. குடிச்சா எங்க போறதுன்னு பயம். மூத்திரத்துல ரத்தம் வந்து பெரியாஸ்பத்திரியில கெடந்துட்டு வந்திருக்கா. வர்ற திங்கக்கிழமையோட படிப்பை நிறுத்தி, தையல் கம்பெனிக்கு அனுப்பப் போறா அம்மாக்காரி. ஏன் தெரியுமா? அங்க கக்கூஸ் இருக்காம்.”

“ஐயோ பாவம்” என்றார் தில்லைநாயகி. மெய்யாகவே கலங்கிப்போனார். “அதுக்குத்தாம்மா இந்த பாட்டில் திட்டம்.”

 அம்மா எழுந்துபோய், மொட்டைமாடி ஓரத்திலிருந்த கழிப்பறைக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். பாட்டிலை மறுபடி நிரப்பி நீட்டினார்.

“குடிங்க. குடிச்சிட்டு மேல படிங்க. அவசரமில்லை, ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லுங்க.”

விழா மேடை, பந்தல், மாலை, நினைவுப் பரிசு என்று தில்லைநாயகி படித்துக்கொண்டே போனார். மேடைக்கு வந்தபோது உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார். பந்தலுக்கு வந்தபோது நெற்றி வியர்த்துவிட்டது.

“அம்மா, ஒரு நிமிஷம். போயிட்டு வந்துடறேன்.”

“பூட்டியிருக்கு.”

“சாவி?”

“எங்கிட்டதான் இருக்கு.”

“கொடுங்கம்மா.”

“தேதி வரலியே.”

தில்லைநாயகி சிரித்துப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

“விளையாடாதீங்கம்மா. நெஜமாவே அவசரம்.”

“பள்ளிக்கூடம் விடட்டும். மாலைக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க? அதைச் சொல்லுங்க.”

அவர் படிக்கப் பார்த்தார். எழுத்து கண்ணில் நிற்கவில்லை. ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தார். அடிவயிறு வலிக்க ஆரம்பித்தது. கடைசியில் கோப்பைத் தரையில் வீசிவிட்டு எழுந்து நின்று கத்தினார்.

“என்னம்மா கொடுமை இது? வயசான மனுஷியை வச்சுக்கிட்டு? உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?”

அந்த அறையில் அம்மாவைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தியதில்லை. அம்மா முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார்.

“இந்தக் குரலை ஆபீஸ்ல ஏன் எடுக்கலை?”

தில்லைநாயகி பதில் சொல்ல நிற்கவில்லை. ஓடினார்.

திரும்பி வர நேரமாயிற்று. முகம் கழுவியிருந்தார், கண் சிவந்திருந்தது. பாயில் உட்கார்ந்தார். கோப்பு விழுந்த இடத்திலேயே கிடந்தது. 

“திறந்தாலும் ஒரு வாரத்துல நாறிடும்மா” என்றார் மெல்ல. “கழுவ ஆள் கிடையாது.”

“அதான் நிதி வந்திருக்கே. ஆள் போடுங்க. தண்ணி வர வழி பண்ணுங்க.”

“ஆள் போட்டா கல்வெட்டு எங்க வைக்கறது?”

சொன்ன மாத்திரத்தில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.  

தில்லைநாயகி கோப்பை எடுத்தார். வளைவை அடித்தார். மேடையை அடித்தார். பந்தலையும் மாலையையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார். பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது. பக்கத்து இடத்தில் துப்புரவுப் பணியாளர், தண்ணீர், சோப்பு என்று எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, மூடியைப் பிடித்தபடியே இருந்தார்.

“திட்டத்தை மாத்திடலாம்மா. அந்தப் பூட்டு? நாளைக்குக் காலையில நானே போய்த் திறந்துட்டா அந்த விருந்தினர் சும்மா விட மாட்டார். தன்னைக் கேக்காம எப்படித் திறந்தேன்னு ஆடுவார்.”

“ஆடுவார்.”

“மெமோ கொடுப்பாங்க. ரிட்டயர் ஆகற நேரத்துல விசாரணை வச்சா பென்ஷன் நின்னுடும்.”

“நிக்கலாம்.”

ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று தில்லைநாயகி காத்திருந்தார். வரவில்லை. அவருக்கு மறுபடி கோபம் வந்தது. இந்த முறை அது அம்மாவின் மேல் இல்லை.

“அப்போ நான் என்னதாம்மா செய்யறது?”

“திறங்க. மெமோ வந்தா, குற்றச்சாட்டை முழுசா எழுத்துல கேளுங்க. பொம்பளைப் பிள்ளைங்க மூத்திரம் போகக் கதவைத் திறந்து விட்டாங்கன்னு எழுதி, கீழே பேரைப் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்க. எந்தக் கை எழுதுதுன்னு நானும் பாக்கறேன்.”