ஆஸ்மண்ட் நடு ஆற்றில் இறங்கிக்கொண்ட கதை

நாரையும் நீர்நாயும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இங்கிலாந்தில் ஓர் அகன்ற ஆற்றின் கரையில் மார்லாஸ்மண்டம் என்று ஓர் ஊர் இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் பெயர்தான். ஆனாலும் ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் சொல்ல வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. பெயருக்கு நடுவில் இருக்கும் ஆஸ்மண்ட்தான் அந்த ஊரை உண்டாக்கியவர். முன்னொரு வெள்ளத்தில் சனங்கள் தப்பி வந்தபோது படகு பாரம் தாங்காமல் அமிழப் பார்த்தது. "நீங்க போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்" என்று நடு ஆற்றில் இறங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியில் வெடவெடவென்று நடுங்கியபடி கரையேறிய மனிதர் அவர்.

அவர் வம்சத்தில் வந்தவள் எடித். மூடுபனி நாட்களில் படித்துறையில் நின்று ஊர்ப்பெயரைக் கூவுவது அந்தக் குடும்பத்தின் உரிமை. ஆற்றில் இருப்பவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். வெறும் கூச்சலுக்கு யாரும் படகைத் திருப்ப மாட்டார்கள். ஏனென்றால் நீர்நாய்கள் மனிதக் குரலில் "இங்கே வா" என்று கூப்பிட்டுப் பாறையில் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும். ஓர் ஊரின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவதற்கு மட்டும் அவற்றுக்கும் கொஞ்சம் பயம் இருந்தது.

எடித்துக்குத் தன் மூதாதையின் பெயரில் கொள்ளைப் பெருமை. படகோட்டியான அவள் கணவன் காட்வின் ஒருநாள் விளையாட்டாக நடுவில் இருக்கும் ஆஸ்மண்டை விட்டுவிட்டுப் பெயரைச் சுருக்கிச் சொல்லப்போய், இரண்டு நாள் அவனோடு பேச்சு வார்த்தையே இல்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, காட்வின் அக்கரைச் சந்தையிலிருந்து ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பாதி தூரம் வருவதற்குள் பனி இறங்கி ஆற்றை மூடிவிட்டது. எடித் படித்துறைக்கு ஓடிப்போய் ஊர்ப்பெயரை முழுசாகக் கூவினாள். துடுப்புச் சத்தம் கேட்டது. ஆனால் அது பாறைகள் இருக்கும் கீழ்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தொண்டை கிழியக் கூவியும் படகு திரும்பவில்லை.

அங்கே ஆழமில்லாத தண்ணீரில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. அதற்கு எப்போதும் கொஞ்சம் வாய்த்துடுக்கு. இத்தனை நீளத்துக்குக் கூவினால் பனி பாதியைத் தின்றுவிடும் என்று அது சொன்னது. முதல் துண்டு ஒரு பக்கமும் கடைசித் துண்டு இன்னொரு பக்கமுமாகப் போய்ச் சேருவதால், படகில் இருப்பவர்கள் இதை நீர்நாய்களின் வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னது.

"நடுவுல இருக்கிற பெரியவரை எடுத்துடு. ஒரே மூச்சுல போய்ச் சேரும்" என்றது நாரை.

எடித்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை தலைமுறையாக யாரும் விடாத பெயரை விடப்போகிறவள் தானா என்று தயங்கினாள். துடுப்புச் சத்தம் இன்னும் தள்ளிப் போயிற்று. சட்டென்று அவளுக்கு அந்தப் பழைய வெள்ளம் ஞாபகம் வந்தது.

"தாத்தா, இன்னொரு தடவை இறங்கிக்கோங்க" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு தலையை நிமிர்த்தி, "மார்லம்! மார்லம்!" என்று கூவினாள்.

துடுப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் பக்கமாகத் திரும்பியது. சற்று நேரத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு படகின் மூக்கு தெரிந்தது. பத்துப் பேரும் பத்திரமாக இருந்தார்கள்.

கரையில் கால் வைத்ததும் காட்வின் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்க தாத்தாவை எங்கே விட்டே?"

"நடு ஆத்துல இறங்கிட்டார். பின்னாடியே வந்துடுவார்" என்றாள் எடித். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்று, படித்துறைக் கல்லில் பெயரை முழுசாகச் செதுக்கிவைத்தார்கள். அன்று முதல்தான் அந்த ஊர்க்காரர்கள் மார்லாஸ்மண்டம் என்று எழுதிவிட்டு மார்லம் என்று சொல்கிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது கல்லைப் படித்து முழுப்பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தால், அவரைத் திருத்தாமல், ஆஸ்மண்ட் கரையேறிவிட்டார் என்று வீட்டுக்குள் கூப்பிட்டு, முதலில் சூடாகக் குடிக்க ஏதாவது கொடுக்கிறார்கள்.