நானூற்றுப் பன்னிரண்டாம் காவலாளி

"குருவம்மா, இந்த மெஷினுக்கு நன்றியே கிடையாது" என்றார் மாசிலாமணி.

கருவூலத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடக் கிழித்துப் போட மனம் வராது. சிறுமலை அடிவாரத்து மடத்துக்கு கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் கற்றுக்கொள்ள வந்திருந்தார். குரு யசோதரைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் குரு குருதான்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மாசிலாமணிக்கு வாய்த்தது வாசல் கேட்டைத் திறந்து மூடுகிற கம்ப்யூட்டர்.

"என்ன பண்ணுச்சு?"

"'ரன்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு. நாள் பூரா எல்லா புரோகிராமும் அதுல என்னென்னவோ குறிச்சு வைக்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா ஒண்ணுமே இல்ல. துடைச்சுப் போட்டுடுது."

"அது டிஸ்க்குல இல்லைங்க ஐயா. மெமரியில இருக்கு. மெஷின் எழுந்ததும் புதுசா, காலியா ஒண்ணை மாட்டிக்கும்."

"தெரியும். ஏன் அப்படின்னுதான் கேக்கறேன். நடந்ததை மறக்கலாமா?"

குரு காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மாசிலாமணி எதையும் மறக்காத மனிதர். மகள் மங்கையர்க்கரசி தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று, "இனி என் வாசலை மிதிக்காதே" என்றார். அந்தச் சொல்லை அப்படியே கட்டிக் காத்து வந்தார்.

அவளும் போன் செய்து செய்து அலுத்துப்போய், இன்று நேரிலேயே மடத்துக்கு வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். இதுதான் கடைசித் தடவை என்றும் எழுதியிருந்தாள். அவர் பதில் போடவில்லை.

வேலையில் இறங்கினார். 'ரன்' ஃபோல்டரில் இருப்பதை அவ்வப்போது டிஸ்க்கில் நகலெடுத்து, மெஷின் எழும்போது பழையபடி கொண்டுவந்து வைக்க ஏற்பாடு செய்தார். கருவூலக்காரர் வேலையில் பிசகு இருக்குமா?

மதியம் கரண்ட் போய் வந்தது. மெஷின் எழுந்தது. குறிப்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மாசிலாமணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது.

கேட் திறக்கவில்லை.

கேமரா திரையில் ஓர் ஆட்டோ தெரிந்தது. பக்கத்தில், உச்சி வெயிலில், மகள் அரசி நின்றிருந்தாள். இடுப்பில் அவர் இதுவரை பார்த்திராத ஒரு குழந்தை.

"குருவம்மா! கேட்டைத் திறக்கிற காவல் புரோகிராம் ஓட மாட்டேங்குது. ஏற்கெனவே ஒரு காவலாளி உள்ள இருக்கார்னு சொல்லிட்டு நின்னுடுது."

"யாராம்?"

"காலையில ஓடின அதே புரோகிராம், நானூத்திப் பன்னிரண்டாம் நம்பர்."

"அவர் இருக்காரா?"

தேடினார். "இல்ல. கரண்ட் போனப்பவே போய்ச் சேர்ந்துட்டார்."

"அப்ப இருக்கார்னு யார் சொல்றா?"

"'உள்ள இருக்கேன்'னு அவர் எழுதி வெச்ச சீட்டு." மாசிலாமணியின் குரல் இறங்கியது. "மெஷின் அதைத் தூக்கித்தான் போட்டுச்சு. நான்தான் திரும்பக் கொண்டுவந்து வெச்சேன்."

திரையில் அரசி குழந்தையின் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டாள். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார்.

"வெளிய நிக்கறது யாருங்க ஐயா?"

"என் பொண்ணு. வாசலை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தது."

"யார் சொன்னது?"

"நா..."

அவர் கண் அந்த நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் சீட்டின் மேல் போனது.

குரு சுவரில் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். கேட்டைக் கையால் திறப்பதற்கான சாவி அது.

மாசிலாமணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பூட்டைத் திறந்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். துருப்பிடித்த சக்கரங்கள் முனகிக்கொண்டே நகர்ந்தன.

ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்ட அரசி திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது.

"இவ்வளவு நேரமும் உள்ளதான் இருந்தீங்களாப்பா?"

"இல்லம்மா" என்றார் மாசிலாமணி. "இப்பத்தான் வந்தேன்."