அறுபதாயிரம் ரூபாய் காது

டப்பிங் ஸ்டூடியோவில் எல்லாரும் ஆயுத பூஜைப் பொரியை மென்றுகொண்டிருந்தார்கள். எடிட்டர் பொற்கொடி புதிதாக வாங்கிய, ஹெட்போன் ஒலியை மெருகேற்றும் ஆம்பைத் தன் லேப்டாப்பில் மாட்டினாள்.

முதலாளி அமிர்தகணேசன் சிரித்தார். "மூவாயிரம் ரூபாய் ஆம்பா? என் அறுபதாயிரம் ரூபாய் ஆம்ப் முன்னாடி இது நிக்குமா? கண்ணைக் கட்டு, கேட்டே சொல்றேன்! நான் தோத்தா எல்லா மேஜைக்கும் இதையே வாங்கித் தர்றேன். ஜெயிச்சா நீ வேலையை விட்டுடணும்!"

பொற்கொடி துண்டால் அவர் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போனை மாட்டி, ஒரே வீணை இசையை இரண்டு முறை போட்டாள்.

"முதல்ல வந்தது தகர டப்பா!" என்று துள்ளினார் முதலாளி. "ரெண்டாவதுதான் என் ஆம்ப். ஆஹா, தேன்!"

துண்டை அவிழ்த்தாள். ஹெட்போன் மூவாயிரம் ரூபாய் ஆம்பில்தான் செருகியிருந்தது.

"என் ஆம்ப் எங்கே?"

"சாமி படத்துக்கு முன்னாடி சார். காலையில நீங்கதானே சந்தனம் வச்சு, நாளைக்கு வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க? நான் எப்படி சார் தொடுவேன்?"