ஒன்றரை அடிக் கட்டில்

சப்பாணிமுத்து தன் அண்ணன் ஆவுடையப்பனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது தென்காசி ஆஸ்பத்திரியில். மூச்சு வாங்கிக்கொண்டே, "எதைத் தொட்டாலும் அளந்துட்டுத் தொடுங்கலே" என்றார் அண்ணன். அவர்களுடைய கட்டில் கடையில் மூளை என்று ஒன்று இருந்தது அவருக்குத்தான். அதையும் கொண்டுபோய்விட்டார். மறுநாளிலிருந்து சப்பாணிமுத்தும், ரம்பம் இழுக்கும் சுடலையும், பாலீஷ் போடும் பிச்சையாவும் டீ கிளாஸைக்கூட டேப் பிடித்து அளந்த பிறகே தொட்டார்கள்.

வியாபாரம் படுத்துவிட்டது. குற்றாலத்தில் புதிதாக லாட்ஜ் கட்டிய மாணிக்கவாசகம், வெப்சைட்டில் படம் பார்த்துப் பிடித்தால் எல்லா அறைக்கும் இவர்கள் கட்டில்தான் என்று சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். சப்பாணிமுத்துவுக்கு வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழில் தெரியும் என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தார்.

வெப்சைட் செய்தது நாகர்கோவிலில் இருக்கும் ஸ்டெல்லா. போனில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, சாமானுக்குப் பின்னால் சுவரும் காலண்டரும் தெரிகிறது, எதுவும் தெரியக் கூடாது என்றாள்.

மூவரும் சுவரை அளந்தார்கள். பிறகு இடித்தார்கள்.

அந்தப் பக்கம் சண்முகவடிவு தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அவளும் படத்தில் தெரிவதாகவும், கொஞ்ச நேரம் இல்லாமல் இருக்கும்படியும் பிச்சையா பணிவாகக் கேட்டுக்கொண்டான். கத்தரிக்கோலோடு எழுந்தவள், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொலைத்தால் என்ன, அதைச் சுவர் இருக்கும்போதே கட்டியிருக்கலாமே என்றாள்.

"சுவரு இருந்தா வேட்டிக்குப் பின்னால சுவரு இருக்குமேக்கா" என்றான் சுடலை.

நன்றாக விழுந்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடச் சொன்னாள் ஸ்டெல்லா. மங்கலாக விழுந்த ஊஞ்சல் அன்று மாலையே அடுப்புக்குப் போனது.

கடைசியாக, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கிறது, எல்லாம் ஒரே அளவில் வேண்டும் என்றாள். மூவரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"இருக்கதுலயே சின்னது முக்காலி. அதைப் பெருசாக்க முடியுமாலே?" என்றார் சப்பாணிமுத்து.

"மரம் வளந்து முடிச்சுட்டுத்தான் நம்மகிட்ட வந்திருக்கு அண்ணாச்சி. இனி வளராது" என்றான் சுடலை.

"அப்போ கட்டில்தான் இறங்கி வரணும்" என்றான் பிச்சையா.

சுடலை ரம்பத்தை எடுத்தான். கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாம் ஒன்றரை அடிக்கு வந்து நின்றன. வேலையில் குறை சொல்ல முடியாது. பீரோவின் பூட்டுக்கூட நன்றாகப் பூட்டியது.

படங்கள் ஏறின. வெள்ளை வேட்டிக்கு முன்னால் எல்லாமே கம்பீரமாகத்தான் இருந்தன. மாணிக்கவாசகம் அன்றைக்கே போன் செய்து, படத்தில் இருப்பது போலவே, நூல் பிசகாமல் நாற்பது கட்டில் வேண்டும் என்றார். சப்பாணிமுத்து அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று அழுதார். ராப்பகலாக வேலை நடந்தது. நூல் பிசகவில்லை.

லாரியோடு வந்த மாணிக்கவாசகம் ஒரு கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுல யாருவே படுப்பா?"

சப்பாணிமுத்துவுக்கு மனசு விட்டுப்போயிற்று. "மொதலாளி, நீங்க போன்ல பாத்தப்போ ஒரு சாண்கூட இல்ல. அதைப் பாத்துத்தான் பிடிச்சிருக்குன்னீங்க. நாங்க ஒன்றரை அடி குடுத்திருக்கோம்" என்றார்.

லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று.

கடைக்கு இப்போது மூன்று சுவர். உள்ளே நாற்பது கட்டில் கிடக்கிறது. இடம் இன்னும் தாராளமாக இருக்கிறது.