விசாரணை ஜன்னல்

நெடுங்கரை ஏரியின் முழு மட்டம் இருபத்துநாலு அடி. அன்று காலை இருபத்துமூணு. ஏரி ஏற ஏற, மக்கள் தொடர்பு அலுவலர் மாசிலாமணி மட்டம் கேட்டுப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

மாலை நாலு மணிக்கு மதகு திறக்கப் போகிறார்கள். நீர்ப்பாசன அலுவலகத்தில் காவலாளி வரைக்கும் இது தெரியும். மதகுக்குக் கீழே இருக்கிற ஓடைத்தெருவுக்கு மட்டும் தெரியாது.

போன வருஷமும் இதே கதைதான். எச்சரிக்கைக் கடிதம் மேஜை மேஜையாக இறங்கி, வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் ஓடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பிரித்துப் படித்தவர்கள், தண்ணீரோடு போன பவுனம்மாளுக்குப் பால் தெளிக்க வந்தவர்கள்.

அன்றிலிருந்து மாசிலாமணிக்கு ஒரே பாட்டு. அலுவலகத்துக்கு ஒரு முகநூல் பக்கம், தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. செயற்பொறியாளர் ஞானதுரை ம்ஹும் என்று தொண்டையைச் செருமுவார். பிறகு ஒவ்வொரு சொல்லாக முத்திரை குத்துவார். கமெண்ட். வருமே. அதற்கு. யார். பொறுப்பு.

ஒருமுறை சோதனைக்காகத் திறந்தும் பார்த்தார்கள். முதல் நாளே நாற்பது கமெண்ட். அலுவலகம் அசரவில்லை. நாற்பதையும் அச்செடுத்து, தபால் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதி, பதிலையும் தபாலில் சேர்த்தது. 'திரு. சிங்கக்குட்டி 007, முகநூல்' என்று விலாசமிட்ட உறை, அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. பொய் விலாசம் கொடுக்கிற ஜனங்களோடு என்ன பேச்சு என்று பக்கத்தை மூடிவிட்டார்கள்.

இன்று காலையும் மாசிலாமணி கெஞ்சிப் பார்த்தார். கடிதம் போய்விட்டது என்றார் ஞானதுரை. எங்கே போயிருக்கிறது என்று விசாரித்தால், அடுத்த மேஜைக்குப் போயிருந்தது.

பதினோரு மணிக்கு மாசிலாமணி மழையில் நனைந்துகொண்டே பொற்கொடியைத் தேடிப் போனார்.

பொற்கொடி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குச் சேதி சொல்கிறவள். ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்குத் தேன் குரல், துக்கச் செய்திக்குக் கம்மிய குரல், கட்சிக் கூட்டத்துக்கு அந்தந்தத் தலைவர் குரல். சொட்டு மருந்து முகாமுக்கு மாசிலாமணி எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தை அவள் நாலே வரியாக்கிச் சொன்னாள். ஊரே குழந்தையோடு வந்தது. அவரை விட இருபத்தைந்து வயது இளையவள். அன்று முதல் அவருக்கு அவள்தான் குரு.

"குருவே, வாயே திறக்காதவரை எப்படிப் பேச வைக்கிறது?"

"குருன்னு கூப்பிடாதீங்க சார். எனக்குத் தாடி முளைச்சிடும்."

"விளையாடாதேம்மா. நாலு மணிக்குத் தண்ணி."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். நான் போய்த் தெருவில் சொல்லட்டுமா என்று கேட்டாள். போன மாதம் எவனோ ஏரி உடைந்தது என்று புரளி கிளப்பி, ஜனங்கள் பாதி ராத்திரி ஓடிக் களைத்ததை அவர் நினைவுபடுத்தினார். இனி அலுவலகம் சொல்லாமல் ஒருவரும் நகர மாட்டார்கள்.

"உங்க இன்ஜினியர் கொடியேத்தத்துல பேசினாரே, அவருதானே?"

"அவரேதான்."

"ஏறுங்க" என்றாள்.

அலுவலக வாசலில் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தினாள். ஒலிபெருக்கியிலிருந்து மைக் ஒயரை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கே 'விசாரணை' என்று ஒரு ஜன்னல். மங்கல் கண்ணாடி, நடுவில் உள்ளங்கை அளவு ஓட்டை, பின்னால் காலி நாற்காலி. ஏரி நிலவரம் கேட்க வந்த ஓடைத்தெருக்காரர்கள் பதினைந்து பேர், மழைக்கு ஒதுங்கினாற்போல அதன் முன்னால் நின்றிருந்தார்கள். பொற்கொடி மாசிலாமணியோடு பின்வழியாகப் போய், நாற்காலியின் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"ம்ஹும். சொல். லுங்க."

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாட்சாத் ஞானதுரையின் குரல்.

ஒருவர் குனிந்து, ஏரியைத் திறப்பீங்களா ஐயா என்று கேட்டார்.

"ஏரி. பரிசீலனையில். இருக்கு. வீட்டுக்குப் போய். நிம்மதியா. படுங்க."

வாசல் ஒலிபெருக்கி அதைக் கட்டடம் முழுக்க முழங்கியது. ஜனங்களுக்கு உயிர் வந்தது. நாலைந்து பேர் குடையை விரித்துக்கொண்டு திரும்பினார்கள். மாசிலாமணி அவள் காதருகே குனிந்தார்.

"என்ன காரியம் பண்றே? நம்பிப் போறாங்கம்மா."

அவள் மைக்கைப் பொத்திக்கொண்டாள். "எங்க போவாங்க? வண்டி குறுக்க நிக்குதே."

மாடியில் ஒரு நாற்காலி பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது. படிகளில் செருப்புச் சத்தம்.

அப்போது வரிசையின் கடைசியில் நின்றிருந்தவன் ஓட்டையருகே வந்தான். பவுனம்மாளின் மகன் சுடலைமுத்து.

"தண்ணி வந்தா சொல்லுவீங்களா ஐயா?"

"கடிதம். வரும்."

"போன வருஷமும் வந்துச்சு. அம்மாவுக்குப் பால் தெளிச்ச அன்னிக்கு."

கண்ணாடிக்குப் பின்னால் பொற்கொடி மைக்கைக் கீழே வைத்தாள்.

படியில் செருப்புச் சத்தமும் நின்றிருந்தது. திட்ட வந்த ஞானதுரை பாதிப் படியில் அப்படியே நின்றார். பதினைந்து முகங்களும் அவரைத் திரும்பிப் பார்த்தன. அப்புறம் ஜன்னலைப் பார்த்தன. மறுபடி அவரைப் பார்த்தன.

"இதுல எது ஐயா நிஜம்?" என்றான் சுடலைமுத்து.

ஞானதுரை தொண்டையைச் செருமினார். இந்த முறை முத்திரை விழவில்லை. "நாலு மணிக்குத் திறக்கிறோம்ப்பா. ரெண்டு மதகு. எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க."

ஏழெட்டு செல்போன்கள் அவர் முகத்துக்கு நேரே உயர்ந்தன. எத்தனை மணி வரைக்கும் ஓடும் என்றார்கள். சொன்னார். கன்றுக்குட்டியை என்ன செய்ய என்றார்கள். அதையும் கூட்டிப் போகச் சொன்னார். போன வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை என்றார் ஒருவர். அதற்கு அவர் தலை குனிந்தார், ஆனால் போய்விடவில்லை. பொற்கொடி எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

செல்போன் விட்டுச் செல்போன் சேதி போயிற்று. மழையில் மூட்டையும் முடிச்சுமாக ஒரு தெரு மேடேறுகிறது என்று ஒன்றரை மணிக்குத் தகவல் வந்தது. ஜன்னல் ஓட்டை வழியாக ஞானதுரை மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"அந்த முகநூல் பக்கத்துக்குக் கடவுச்சொல் ஏதோ வெச்சிருந்தீரே. என்னய்யா அது?"

மாசிலாமணி அதை எழுதிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். பொற்கொடி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு கூட்டம் போட்டேன். ஐம்பத்திரண்டு ஸ்லைடு காட்டினேன். மனுஷர் அசையலை. நீ என்னம்மா சொல்லிச் சம்மதிக்க வெச்சே?"

"நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே சார். அவரு குரல் சும்மா கிடந்துச்சு. எடுத்துப் பேசினேன். வாங்கிட்டுப் போக வந்துட்டாரு."