காரக் கணக்கு

சோப்புச் செய்யக் கற்றுக்கொடுக்கும் கோகிலவாணியிடம் ஒரு மத்தியானம் சாந்தாமணி வந்து நின்றாள். ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய சோப்புக் கட்டி, இன்னொரு கையில் போன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். கோகிலவாணி தகரக் கொட்டகையில் அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வயசு முப்பத்திரண்டுதான். சாந்தாமணிக்கு அவளைவிட இருபது வயசு கூட. இருந்தால் என்ன, சொல்லிக்கொடுப்பவள் டீச்சர்தானே. பொள்ளாச்சியில் அந்தக் கொட்டகைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் அவள் டீச்சர். அவளுக்கு அவர்கள் எல்லோரும் அக்கா.

"வாங்க்கா. மாமாவுக்கு இப்ப எப்புடி இருக்குது?"

"முதுகு பூராத் தோலு உரிஞ்சு கெடக்குதுங்க டீச்சர். நாந்தேன் உரிச்சேன்."

கோகிலவாணி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

நடந்தது இதுதான். சாந்தாமணியின் புருஷன் நாச்சிமுத்துவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போச்சு. அதோடு பேச்சும் போச்சு. தேங்காய் மண்டியில் நின்றுகொண்டு நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி விலை பேசிய மனுஷன். படுத்த படுக்கையில் கிடந்து தோல் காய்ந்து செதில் செதிலாக வந்தது. கடைச் சோப்பு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. நம் கையால் நல்ல எண்ணெய் போட்டு ஒரு சோப்புச் செய்து கொடுப்போம் என்றுதான் அவள் இந்தக் கொட்டகைக்கே வந்தாள்.

எண்ணெயைச் சோப்பாக்குவது காரம். காரம் குறைந்தால் சோப்பு பிசுபிசுவென்று நிற்கும். கூடினால் தோலைத் தின்னும். அதனால் யாரும் குத்துமதிப்பாகப் போடுவதில்லை. எந்த எண்ணெய் எத்தனை கிராம் என்று போனில் போட்டால், காரம் எத்தனை கிராம் என்று சொல்லும் கால்குலேட்டர்கள் இருக்கின்றன. ஒன்றா இரண்டா! இந்தப் பெண்களுக்கு ஆளுக்கொரு கால்குலேட்டர், குலதெய்வம் மாதிரி. அடுத்தவள் வேறொன்றைப் புகழ்ந்துவிட்டால் போதும், வாட்ஸப் குழுவில் அன்றைக்குச் சோறு வேகாது. அந்தச் சண்டையில் முதல் ஆளாக நிற்பவள் சாந்தாமணி. "நம்முளுது அரைக் கிராம் பெசகாதுங்க" என்று சத்தியம் பண்ணாத குறைதான்.

அவளுடையது பிசகவில்லை. அதுதான் கொடுமை.

காரத்தில் இரண்டு உண்டு. கட்டிச் சோப்புக்கு ஒன்று, தண்ணிச் சோப்புக்கு ஒன்று. கட்டிச் சோப்புக்கு உள்ளது காஸ்டிக் சோடா. தண்ணிச் சோப்புக்கு உள்ளது பொட்டாஷ். பொட்டாஷ் என்றால் அதே எண்ணெய்க்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு போட வேண்டும். எந்தக் காரம் என்று கேட்டு, கால்குலேட்டரின் உச்சியில் இரண்டு சின்ன வட்டங்கள் இருக்கும். சாந்தாமணி அதற்கு முன்னால் பாத்திரம் கழுவத் தண்ணிச் சோப்புப் பண்ணியிருந்தாள். புருஷனுக்கான சோப்புக்கு எண்ணெய்களை எல்லாம் பார்த்துப் பார்த்து மாற்றினாள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். மேலே இருந்த வட்டத்தை மட்டும் மாற்றவில்லை. இருநூற்று மூன்று கிராம் என்று வந்தது. அதே அளவுக்குக் காஸ்டிக் சோடாவை நிறுத்துப் போட்டாள். போட வேண்டியது நூற்று நாற்பத்தைந்து.

சோப்பு ஆறப்போட வேண்டிய காலமெல்லாம் ஆறப்போட்டாள். வெள்ளை வெளேரென்று, கல் மாதிரி வந்தது. அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்பட்டாள். பாவி, நாக்கில் ஒரு தொடு தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? சோப்புக்காரர்கள் எல்லோரும் செய்வது அது. காரம் மிச்சமிருந்தால் நாக்கைச் சுரீரென்று பிடித்து இழுக்கும். டீச்சர் முதல் நாளே சொல்லிக்கொடுத்ததுதான். கால்குலேட்டர் சொன்னபடி நிறுத்துப் போட்ட பிறகு நாக்கு என்ன பெரிய நாக்கு என்று விட்டுவிட்டாள்.

நாச்சிமுத்துவைக் குளிக்க வைப்பதென்றால் படுக்கையில் வைத்துத்தான். ஈரத்துணியில் சோப்பைத் தேய்த்து உடம்பைத் துடைத்து, அப்புறம் வெறுந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சொன்னபடி அவள் கையில் ரப்பர் உறை மாட்டியிருப்பாள். அவள் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கழித்துப் போர்வையை எடுக்கும்போது, போர்வையோடு தோலும் வந்தது.

"உக்காருங்க்கா" என்றாள் கோகிலவாணி.

சாந்தாமணி உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

"மூணு கால்குலேட்டர்லயும் அதே எண்ணெயைப் போட்டுப் பாத்துட்டனுங்க. இப்ப வட்டத்தை மாத்திப் போட்டேன். ஒண்ணு நூத்தி நாப்பத்தஞ்சுங்குது, ஒண்ணு நூத்தி நாப்பத்துநாலுங்குது, இன்னொண்ணு நூத்தி நாப்பத்தேழு. இதுல எதுங்க டீச்சர் நெசம்?"

"மூணுமே நல்லதுதான்க்கா. ஒவ்வொண்ணும் எண்ணெயைக் கொஞ்சம் கூடக் கொறைய மதிக்கும். அந்த ரெண்டு கிராம்ல ஒண்ணும் ஆவாது."

"அப்ப அன்னிக்கு எதுக்கு இருநூத்தி மூணுன்னு சொல்லுச்சு?"

"நீங்க பொட்டாஷுக்குக் கேட்டீங்க. பொட்டாஷுக்குச் சொல்லுச்சு."

"யாருக்குன்னு அது கேக்கலீங்களே டீச்சர்! படுத்துக் கெடக்கற மனுசனுக்கு, வாய் பேசாத மனுசனுக்குன்னு அதுக்குத் தெரியலீங்களே!"

கோகிலவாணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சாந்தாமணிக்கு ஆத்திரமாக வந்தது. தப்பு உன் பேரில்தான் என்று ஒரு வார்த்தை சொல்லித் திட்டினாலாவது தேவலை என்றிருந்தது. திட்டாத மனுஷர்களிடம் அழுவதும் கஷ்டம்.

"ஞாயித்துக்கெழமை காரு வருதுங்க" என்றாள்.

"எங்கிருந்து?"

"கோயமுத்தூருல ஒரு இல்லம் இருக்குதாமா. படுத்துக் கெடக்கறவங்களைப் பாத்துக்கற எடம். பையன் பேசி முடிச்சுட்டான். நானும் செரின்னுட்டேன்."

"மாமா போறேங்கறாரா?"

"அவரு என்னத்தச் சொல்லுவாரு. புண்ணைத் தெனமும் கழுவோணும்னு டாக்டர் சொல்றாரு. வூட்டுக்கு நர்சம்மா வந்துதான் கழுவிட்டுப் போகுது. நான் அந்த ரூமு வாசப்படியோட நின்னுக்கறேன். நான் தொட்டா வெந்துபோவுதுங்க டீச்சர். இனி அவரைத் தொடற யோக்கியதை எனக்கு இல்லை."

முப்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி வாழ்ந்தவர்கள். அனுப்பவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. இரண்டுங்கெட்டான் பிழைப்பு.

"ஒரே ஒண்ணுதான் கேக்கறேன். கண்ணை மூடிட்டு நம்பற மாதிரி ஒரு கால்குலேட்டரைச் சொல்லுங்க. என்ன வெலைன்னாலும் வாங்கிக்கறேன். நான் பெசகுனாலும் அது பெசகக் கூடாது. அப்புடி ஒண்ணு இருக்குதுன்னா காரை வேண்டாம்னு சொல்லிப்போடறேன். இல்லீன்னா அவரு அங்கயே இருந்துக்கட்டும். என்ற கைக்குத் தப்பியாவது இருக்கட்டும்."

கோகிலவாணி கையை நீட்டினாள். "அந்தச் சோப்பைக் குடுங்க்கா."

செய்தித்தாளைப் பிரித்தாள். நாக்கில் தொட்டுப் பார்க்கப்போகிறாள் என்று சாந்தாமணி நினைத்தாள். கோகிலவாணி சோப்பைத் தண்ணீரில் நனைத்து, தன் இடது முன்கையின் உள்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கும் இடத்தில், நுரை வரும்வரை தேய்த்தாள். அப்படியே மணைப் பலகையில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அதே சோப்புங்க அது!"

"தெரியும்க்கா. தேங்கா இப்ப என்ன வெலை போவுது?"

"என்னங்க?"

"மண்டில. வெலை எறங்கிருச்சுன்னாங்களே."

சாந்தாமணி ஏதோ ஒரு விலையைச் சொன்னாள். கண் அந்தக் கையிலேயே இருந்தது. கோகிலவாணி அச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுத்த வாரம் வேப்பெண்ணெய்ச் சோப்பு என்றாள். புதுசாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கை பாட்டுக்கு நுரையோடு கிடந்தது.

கொஞ்ச நேரம் போனது. பேசிக்கொண்டிருந்த கோகிலவாணியின் கீழுதடு ஒரு ஓரமாக உள்ளே மடிந்து வெளியே வந்தது. ஒரு அச்சை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"கழுவுங்க டீச்சர்."

"எதுக்குங்க்கா?"

"எரியுதல்ல?"

"எரியுதுன்னு நான் சொன்னனா?"

"சொல்லோணுமா! மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குதே!"

அதற்கு மேல் சாந்தாமணி பொறுக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயை முழுசாகத் திறந்து அந்தக் கையை நீட்டிப் பிடித்தாள். நுரை போன பிறகும் விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று கன்றியிருந்தது.

"உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? சின்னப் புள்ளையாட்டப் பண்றீங்களே! பச்சத் தோலு டீச்சர் இது. கூட ரெண்டு நிமிசம் வுட்டிருந்தா கொப்புளம் கெளம்பியிருக்கும். ஏங்கண்ணு, வலிச்சா வாயத் தொறந்து…"

அவள் வாய் அங்கேயே நின்றது.

கையை விடாமல் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தாள். சேலை நனைந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சுங்க டீச்சர்."

கோகிலவாணியும் பக்கத்தில் குந்தினாள்.

"மொத நாளே வந்துச்சு. நெத்தியச் சுருக்கி என்னையவே பாத்தாரு. நல்லா இருக்கற கையால என்ற சீலையப் புடிச்சாரு. நுரை கண்ணுல தெறிச்சிருச்சாட்ட இருக்குதுன்னு தொடச்சு வுட்டேன். சீலைய அவரு கையில இருந்து எடுத்து வுட்டேன். சுத்தபத்தமாக் குளிச்ச சொகத்துல அழுவறாருன்னு நெனச்சேன். சோப்பு நல்லா நுரைக்குதேன்னு… அய்யோ, நான் சோப்பையே பாத்துட்டிருந்தேனே. தெனமும் பாத்தாரு டீச்சர். தெனமும் என்ற மூஞ்சியத்தான் பாத்தாரு."

தலையில் அடித்துக்கொண்டாள். கோகிலவாணி தடுக்கவில்லை. அழுகிறவரை அழட்டும் என்று, சிவந்த கையை மட்டும் அவள் மடியிலேயே விட்டு வைத்திருந்தாள்.

வெகு நேரம் கழித்துச் சாந்தாமணி முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"நீங்க இன்னும் நான் கேட்டதுக்குப் பதிலு சொல்லலீங்க. நான் எதைத்தான் நம்பட்டும்?"

கோகிலவாணி எழுந்து கையை மெல்லத் துணியில் ஒற்றினாள்.

"எனக்கு எரியுதுன்னு எந்தக் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தீங்க்கா?"

சாந்தாமணி போனை எடுத்து, கால்குலேட்டரை மூடிவிட்டு, பையனின் நம்பரைத் தேடினாள்.