உப்பளத்துக்குக் கேட்காத முரசு

முன்னொரு காலத்திலே, கடலோரச் சீமை ஒன்றைத் திருமேனிவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். தங்கமான மனசுதான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. காலையில் யாருக்காவது யானையைப் பரிசாகக் கொடுப்பான், சாயங்காலம் என் யானை எங்கே என்று கேட்பான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு நாட்டை நடத்திய மந்திரி கூத்தபிரானுக்குத் தலை நரைத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ராஜா நல்ல புத்தியில் இருந்த நேரம் பார்த்து மந்திரி ஓர் ஆணை வாங்கிவிட்டார். பாடுபட்டு உழைத்து, வரியும் கட்டிவிட்டு, அப்புறமும் அரை வயிற்றோடு படுக்கிற குடும்பங்களுக்கு, கட்டிய வரியில் ஒரு பங்கு நெல்லாகத் திரும்பும். பிள்ளைகள் கூடினால் பங்கும் கூடும். களஞ்சியத்துக்கு வந்து கேட்டால் போதும்.

அதை ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு பொக்கிஷக்காரர் தனகோடியாரிடம் போனது. வந்ததே வினை! மந்திரிக்கு நல்ல பேர் என்றால் அந்த மனுஷனுக்கு வயிறு எரியும். தண்டோரா போட்டாயிற்று என்று சபையில் சொன்னார். மாதங்கள் போயின, களஞ்சிய வாசலில் ஈ காக்கை இல்லை.

ஒருநாள் தனகோடியார் எழுந்து கும்பிட்டார். "பிரபு, நெல் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. நம் ஜனங்களுக்குக் குறையே இல்லை போலிருக்கிறது. அந்த நெல்லை விற்றுத் தங்களுக்கு அன்னப்பட்சி உருவத்தில் ஒரு படகு செய்யலாமே."

படகு என்றதும் ராஜாவின் கண் மின்னியது. "வேண்டாதவனுக்கு எதற்கு நெல்? பௌர்ணமியோடு களஞ்சியத்தைப் பூட்டு. என்ன மந்திரி, முகம் சுருங்குகிறது?"

"பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கிறதே பிரபு, அதுவரை பார்ப்போம்," என்றார் கூத்தபிரான். பூட்டு ஒருமுறை விழுந்தால் இந்த ராஜாவிடம் திறக்கச் சொல்லி யார் கேட்பது?

மறுநாள் காலையில் அவர், பாடுபடுகிற ஜனங்களையே கேட்டுப் பார்ப்போம் என்று கடலோர உப்பளத்துக்கு நடந்தார். பாத்தியில் செங்காயி என்ற பெண் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பாதமெல்லாம் வெடிப்பு. கரையில் அவள் பிள்ளைகள் மூன்றும் ஒரே கலயத்துக் கஞ்சியை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தன.

"ஏம்மா, வரி கட்டுகிறாய் அல்லவா? களஞ்சியத்தில் உனக்கு நெல் இருக்கிறதே, வாங்க வரவில்லையா?"

"எந்த நெல்லு சாமி?"

"தண்டோரா போட்டார்களே."

"இங்க யாரு வந்து போட்டா? விடியுமுன்ன வந்தா உச்சி சாயத்தான் கரையேறுவோம்."

மந்திரி ஆணையை எடுத்துச் சொன்னார். செங்காயி வாருபலகையை ஊன்றி நிமிர்ந்தாள். "அது வேலையத்தவங்களுக்கு இருக்கும் சாமி. எங்களுக்குக் கை கால் நல்லாத்தான் இருக்கு. அரமனை வாசல்ல போய்ப் பிச்சைக்கு நிக்கமாட்டோம்."

மந்திரிக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. திரும்பி வந்து முரசறைபவனை விசாரித்தார். வெயில் ஏறின பிறகு அரண்மனை வீதியில் மட்டும் அடித்தால் போதும் என்று தனகோடியார் உத்தரவாம். இதை நேரே ராஜாவிடம் சொன்னால் இருவரும் சண்டைபோடுகிறார்கள் என்று கொட்டாவி விடுவான். அதனால் வேறு வழியில் போனார்.

"பிரபு, சபையோருக்கு ஆளுக்கொரு முத்துமாலை கொடுத்தால் என்ன? நாளை மறுநாள் விடிவதற்குள் தெற்கு வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும். அறிவிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கொடுப்பதென்றால் ராஜாவுக்குக் கொண்டாட்டம். சொன்ன நாளில் இருட்டோடு எழுந்து, தட்டு நிறைய முத்துமாலையோடு தானே போய் நின்றான். சூரியன் வந்தது, கொசு வந்தது, சபையோரில் ஒருத்தரும் வரவில்லை. சபை கூடியபோது அவன் முகம் சிவந்து கிடந்தது.

"என் முத்துமாலை உங்களுக்கு அவ்வளவு இளப்பமா?"

எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். மந்திரி மெதுவாகச் சொன்னார், "கோபம் வேண்டாம் பிரபு. வந்து கேட்கவில்லை என்றால் தேவையில்லை என்றுதானே அர்த்தம்? தனகோடியார் சொன்ன நியாயம்தான்."

தனகோடியார் பதறிப்போனார். "ஐயோ பிரபு, எங்களுக்குத் தெரியவே தெரியாதே. எங்கே தண்டோரா போட்டார்கள்?"

"உப்பளத்தில்தான், நேற்று விடியற்காலையில்," என்றார் மந்திரி.

"நன்றாயிருக்கிறது. விடியற்காலையில் உப்பளத்தில் எங்களுக்கு என்ன வேலை?"

"வெயில் ஏறின பிறகு அரண்மனை வீதியில் உப்பளத்து ஜனங்களுக்கு என்ன வேலை, தனகோடியாரே?"

ராஜா தனகோடியாரைப் பார்த்தான், மந்திரியைப் பார்த்தான், தன் கால் முழுக்கக் கொசு கடித்த தடிப்பைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"படகும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். களஞ்சியம் வருஷம் முழுக்கத் திறந்திருக்கட்டும். மந்திரி, தட்டோடு அத்தனை மாலையும் உமக்கு. தனகோடி, நாளை விடியலில் முரசை உன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீயே உப்பளத்துக்குப் போ. எவர் என்ன கேட்டாலும் நின்று பதில் சொல்லு."

அப்படியே போனார். பட்டு வேட்டி முழங்கால்வரை சேறு. அடித்த அடியில் கை வலித்தது, தொண்டை கட்டியது. மந்திரி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செங்காயிதான் முதலில் வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஐயா, மறைக்காம சொல்லுங்க. இது பிச்சையா?"

தனகோடியார் மந்திரியை ஒரு பார்வை பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "இல்லையம்மா. வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது. நீ கட்டின வரியில் உன் பங்கு. இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு."

செங்காயி வாருபலகையை வரப்பில் சாத்தினாள். அப்புறம் அடுத்த பாத்தியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அடியே மாரக்கா, பேச்சியண்ணே, எல்லாரும் வாங்க. நம்ம நெல்லுதானாம்."

அந்தக் குரல் பாத்திக்குப் பாத்தி தாவிக் கடல்வரைக்கும் போயிற்று. கூத்தபிரான் வரப்பிலேயே உட்கார்ந்து, மாதக்கணக்காய் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். அன்று உச்சி சாய்ந்ததும் உப்பளத்து ஜனங்கள் களஞ்சியத்துக்கு நடந்தார்கள், நிமிர்ந்தே நடந்தார்கள்.